சென்னை ஐஃபோன், சிங்கப்பூர் ஆண்ட்ராய்டு, கொழும்பு போன்: ஆப் வாங்க எதில் எப்படிப் பணம் கட்டுவது?

கொள்ளிடம் (கேள்வி)

வணக்கம். வீட்டில் மூன்று பேர், மூன்று நாடு. மூன்றிலும் பணம் கட்டுகிற இடத்தில்தான் சிக்கல்.

சென்னையில் அப்பாவுக்கு ஐஃபோன். ஐகிளவுட் 50 ஜிபி, மாதம் 75 ரூபாய். டெபிட் கார்டு எண்ணைப் போட்டால் ஏற்கவே மாட்டேன் என்கிறது. வங்கியில் கேட்டால் கார்டில் குறையில்லை என்கிறார்கள்.

நான் சிங்கப்பூரில். ஆண்ட்ராய்டு. கூகுள் கணக்கு இந்தியாவில் தொடங்கியது. ப்ளே பேலன்ஸில் 640 ரூபாய் கிடக்கிறது. இங்குள்ள வங்கி கார்டைச் சேர்க்க முடியவில்லை. சில சிங்கப்பூர் ஆப்கள் தேடினால் வருவதும் இல்லை.

அக்கா கொழும்பில். இப்போது ஆண்ட்ராய்டு, அடுத்து ஐஃபோன் வாங்கும் எண்ணம். கிரெடிட் கார்டு கிடையாது.

என் சிங்கப்பூர் கார்டு ஒன்றை வைத்தே மூன்று பேருக்கும் கட்ட வழி உண்டா? இல்லையென்றால் அவரவருக்கு எது சரி?

தறிநூல்

ஒரே கார்டில் மூன்று நாட்டுக்கும் கட்ட முடியாது. இதில் போன் எங்கே இருக்கிறது, உள்ளே எந்த சிம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். ஸ்டோர் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது, பணம் எந்த நாட்டு வங்கியிலிருந்து வருகிறது, இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆப்பிள் இதில் கறார். கூகுள் கொஞ்சம் தளர்வு, ஆனால் நம்பி உட்கார முடியாது.

முதலில் அப்பா. வங்கி சொன்னது சரிதான், கார்டில் குறையில்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி அமலுக்கு வந்தது: மாதாமாதம் தானாகப் பிடிக்கிற பணத்துக்கு வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு போக வேண்டும், குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆனது. ஆப்பிள் இந்த ஏற்பாட்டுக்குள் கார்டுகளைக் கொண்டுவராமல், 2022 நடுவில் இந்தியக் கார்டுகளை வாங்குவதையே நிறுத்திவிட்டது. ஆப்பிளுக்கு மிஞ்சியது யூபிஐ, நெட் பேங்கிங், கணக்கில் உள்ள பேலன்ஸ்.

அப்பாவுக்கு எளிது யூபிஐதான். செட்டிங்ஸ் திறந்து மேலே உள்ள பெயரைத் தொட்டு, ‘பேமென்ட் அண்ட் ஷிப்பிங்’ போய், புதிய முறை சேர்க்கச் சொல்லி யூபிஐ தேர்ந்தெடுங்கள். யூபிஐ ஐடியைத் தட்டச்சு செய்ததும் அவருடைய யூபிஐ ஆப்புக்கு ஆட்டோபே ஒப்புதல் கோரிக்கை வரும். அதைத் திறந்து பின் எண் போட்டால் முடிந்தது.

இங்கே பலர் பயந்து பின்வாங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. கட்ட வேண்டியது 75 ரூபாய், ஒப்புதல் திரையிலோ ஆயிரக்கணக்கில் ஒரு தொகை நிற்கும். அது உச்சவரம்பு. அதற்கு மேல் பிடிக்க முடியாது என்று அர்த்தமே தவிர, அவ்வளவையும் பிடிப்பார்கள் என்று இல்லை. அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மோசடி என்று நினைத்து நிராகரித்துவிடுவார். கோரிக்கை சில நிமிடங்களில் காலாவதியாகும் என்பதால் யூபிஐ ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டே இதைச் செய்வது நல்லது.

யூபிஐயே வேண்டாம் என்றால் இந்திய ஆப் ஸ்டோர் கோட் (கிஃப்ட் கார்டு எண்) வாங்கி அவர் கணக்கில் ஏற்றலாம். 1,000 ரூபாய் ஏற்றினால் 13 மாதம் ஓடும், 25 ரூபாய் மீதி. வயதானவர்களுக்கு இது இன்னும் நிம்மதி என்பது என் கருத்து: வங்கிக் கணக்குக்கும் போனுக்கும் இடையே திறந்த கதவு எதுவும் இல்லை. கோட் இந்தியாவுடையதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் டாலரில் வாங்கிய கார்டு இந்தியக் கணக்கில் ஏறாது.

மெரினாக்காற்று

உங்கள் சிங்கப்பூர் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வழி இருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஆனால் முதலாவதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வழி, ப்ளே ஸ்டோரின் நாட்டையே மாற்றுவது. வலது மேல்மூலையில் உங்கள் படம், செட்டிங்ஸ், ஜெனரல், ‘அக்கவுன்ட் அண்ட் டிவைஸ் பிரிஃபரன்சஸ்’, அதற்குள் ‘கன்ட்ரி அண்ட் புரொஃபைல்ஸ்’. நீங்கள் சிங்கப்பூரில் இருந்து இணையத்தில் இருந்தால்தான் சிங்கப்பூர் என்ற தெரிவே அங்கே தெரியும். விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் ஆப்) ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அதைத் தொட்டதும் சிங்கப்பூர் முகவரியோடு உள்ளூர் கார்டு கேட்கும். கொடுத்தபின் ஸ்டோர் முழுதாக மாற 48 மணி நேரம் வரை ஆகலாம். இப்போது உங்கள் கார்டு ஏறாததற்குக் காரணமும் இதுவே: பேமென்ட்ஸ் புரொஃபைல் இந்தியாவுடையது. அந்தப் புரொஃபைலின் நாட்டைத் திருத்த முடியாது, புது நாட்டுக்குப் புதுப் புரொஃபைல் உருவாகும்.

இழப்புகள்: அந்த 640 ரூபாய் புது நாட்டில் செல்லாது. அழியாது, ஆனால் இந்தியாவுக்குத் திரும்ப மாற்றும்வரை தொட முடியாது. திரும்ப மாற்ற ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்றம். வாங்கிய புத்தகம், படம், சில ஆப்கள் புது நாட்டில் கிடைக்காமல் போகலாம். குடும்பக் குழுவில் இருந்தால் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

இரண்டாம் வழி, சிங்கப்பூருக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு. அதே போனில் சேர்த்து, ப்ளே ஸ்டோரில் படத்தைத் தொட்டு கணக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்திய வங்கி ஆப்கள் பழைய கணக்கில், உள்ளூர் ஆப்கள் புதியதில். எந்தக் கணக்கில் இறக்கினாலும் ஆப் போனில் ஒரே மாதிரிதான் ஓடும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஆப்புக்குள்ளே வாங்கும்போது, அந்த ஆப்பை எந்தக் கணக்கில் இறக்கினீர்களோ அந்தக் கணக்கில்தான் பணம் கேட்கும். சிங்கப்பூர் கார்டில் கட்ட நினைத்துத் திறந்தால் ரூபாயில் விலை காட்டுகிறதா? ஆப்பை நீக்கிவிட்டு, ப்ளே ஸ்டோரில் சிங்கப்பூர் கணக்குக்கு மாறி, அங்கிருந்து மறுபடி இறக்குங்கள். நீக்குவதற்குமுன் ஆப்பில் உள்ள தரவுக்கு பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிங்கப்பூர்க் கணக்கில் கார்டு தவிர, சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 எண்ணின் மாதப் பில்லிலேயே சேர்த்துக் கட்டலாம். கூகுள், ஆப்பிள் இரண்டிலும். எண் கம்பெனி பெயரில் இருந்தால் பெரும்பாலும் இது பூட்டப்பட்டிருக்கும். விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி அடக்கம், 2024 ஜனவரி 1 முதல் அந்த விகிதம்.

640 ரூபாயை வங்கிக்குத் திருப்ப முடியாது. கூகுள் பே வேறு, கூகுள் ப்ளே பேலன்ஸ் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தினமும் யாராவது இதில் குழம்புகிறார்கள். பழைய கணக்கை இந்தியாவிலேயே விட்டுவைத்தால் அந்தப் பணம் அங்குள்ள சந்தாவுக்கு உதவும்.

பனங்கூடல்

உங்கட அக்காவுக்கு இலங்கை நிலவரம் சொல்கிறேன்.

கூகுள் ப்ளே என்றால் கிரெடிட் கார்ட் இல்லாததைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. டயலொக், மொபிட்டெல் சிம்மில் நேரடியாகக் கட்டலாம். ப்ளே ஸ்டோரில் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் பேமென்ட் மெதட்ஸ் திறந்தால், சிம் அந்தப் போனிலேயே இருக்கும்போது ஒபரேட்டர் பெயர் அங்கே காட்டும். அதை இயக்கும்போது போன் தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி இலக்கத்தைச் சரிபார்க்கும். இரண்டு சிம் போன் என்றால், கட்டப்போகிற சிம்மையே மொபைல் டேட்டாவுக்குப் போட்டு, வைஃபையை நிறுத்திவிட்டுச் செய்யுங்கோ. பாதிப் பேருக்கு இது சரிவராததற்குக் காரணம் வைஃபையில் இருந்தபடி செய்வதுதான்.

ப்ரீபெய்ட் என்றால் ரீலோட் போட்ட பிரதான மீதியிலிருந்து காசு கழியும். டேட்டா பக்கேஜ் வாங்கி மீதியைத் தீர்த்துவிட்டு “காசு இருக்குது, ஏன் கழியவில்லை” என்று கேட்கக்கூடாது. பக்கேஜ் மீதி வேறு கணக்கு. போஸ்ட்பெய்ட் என்றால் மாதப் பில்லில் வரும். ஒபரேட்டர் வைத்திருக்கிற உச்ச வரம்பு உண்டு, பெரிய தொகைக்கு இது சரிவராது.

டெபிட் கார்டாலும் கட்டலாம், விசா அல்லது மாஸ்டர்கார்டாக இருந்தால். ஆனால் ஒன்லைன் கொடுப்பனவும் வெளிநாட்டுக் கொடுப்பனவும் இரண்டும் வங்கியில் திறந்திருக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிற ஆட்கள் அதிகம். லங்காகியூஆர் போன்ற உள்ளூர் முறைகள் இந்த இரண்டு கடையிலும் இல்லை.

இனி ஐஃபோன். அக்கா மாறுவதற்கு முன் இதைத் தெரிந்திருக்க வேணும். கூகுள் இலங்கைக்கு ரூபாயில் விலை காட்டுகிறது. அப்பிளின் இலங்கைக் கடை அமெரிக்க டொலரில். 0.99 என்று பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும். வங்கி தன்னுடைய விற்பனை விகிதத்தில் ரூபாயாக்கி, மேலே தன் கட்டணத்தையும் சேர்க்கும். டொலர் ஏறினால் மாதச் சந்தாவும் தானாக ஏறும். மாதம் இரண்டு மூன்று சந்தா கட்டுகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

அமெரிக்கக் கணக்கு ஒன்று திறந்து, முகநூலில் விற்கிற அமெரிக்க கிஃப்ட் கார்ட் ஏற்றுகிற வழியைச் சிலர் சொல்லித் தருவினம். வேண்டாம். பொய் முகவரி விதிக்கு மாறானது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் கார்ட் திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருந்தால் கணக்கே பூட்டப்படும், உள்ளே வாங்கியது எல்லாம் போய்விடும்.

கொள்ளிடம்

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம்.

இந்தியக் கணக்கை வைத்துக்கொண்டால் அதற்கு சிங்கப்பூரில் இருந்தே யூபிஐயில் கட்டலாமா? இந்திய சிம் இப்போது ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது.

நானும் பிற்பாடு ஐஃபோனுக்கு மாறினால் இதே இரட்டைக் கணக்கு வித்தை அங்கும் செல்லுமா?

தறிநூல்

யூபிஐ: கட்டலாம், ஆனால் எந்த வங்கிக் கணக்கு என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டில் குடியிருப்பவராகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழும் இந்தியர் ரூபாயில் வைக்கும் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். அதைச் செய்துவிட்டால் இன்னொரு கதவு திறக்கிறது. 2023 ஜனவரியில், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பு, என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் கணக்கு), என்ஆர்ஓ கணக்குகளை வெளிநாட்டுக் கைபேசி எண்ணோடு யூபிஐயில் இணைக்க 10 நாடுகளுக்கு அனுமதி தந்தது. சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங். உங்கள் சிங்கப்பூர் எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும், உங்கள் வங்கியும் நீங்கள் பயன்படுத்தும் யூபிஐ ஆப்பும் இந்த வசதியைத் தந்திருக்க வேண்டும். இரண்டையும் கேட்டுவிட்டு இறங்குங்கள். அப்படியானால் செத்த சிம்மை உயிர்ப்பிக்க வேண்டியதில்லை.

இல்லையென்றால் ரூபாய் கோட் வாங்கி ஏற்றுவதே போதும். வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிற வேலை.

இன்னொன்று. இந்தியக் கணக்கில் கூகுள் கார்டையும் ஏற்கும், ஆப்பிள் போல மறுப்பதில்லை. மறுத்தால் பெரும்பாலும் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனை அணைந்திருக்கும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிதாகத் தருகிற கார்டு கடையிலும் ஏடிஎம்மிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைனையும் வெளிநாட்டையும் நாமே வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும்.

மெரினாக்காற்று

ஐஃபோனிலும் செல்லும், சொல்லப்போனால் அங்கே இன்னும் சுத்தமாகச் செய்யலாம். ஐகிளவுட் ஒரு கணக்கிலும் ஆப் ஸ்டோர் இன்னொரு கணக்கிலும் இருக்கலாம். செட்டிங்ஸ், உங்கள் பெயர், ‘மீடியா அண்ட் பர்ச்சேசஸ்’. அங்கே வெளியேறி, வேறு கணக்கில் உள்ளே வாருங்கள். படம், தொடர்பு எண்கள், பேக்கப் எதுவும் அசையாது.

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஐகிளவுட் சேமிப்பிடக் கட்டணம் ஐகிளவுட் கணக்கின் பணத்திலிருந்துதான் போகும், ஆப் ஸ்டோர் கணக்கிலிருந்து அல்ல. பழைய கணக்கில் வாங்கிய ஆப்பை அப்டேட் செய்யும்போது பழைய கணக்கின் கடவுச்சொல் கேட்கும். அடிக்கடி கணக்கு மாற்றி, பழைய வாங்கல்களை மறுபடி இறக்கினால் போன் அந்தக் கணக்கோடு 90 நாள் கட்டுண்டுவிடும், அதுவரை வேறு கணக்கின் பழைய வாங்கல்களை அதில் இறக்க முடியாது. ஒரு முறை அமைத்துவிட்டு கையை எடுத்துவிடுங்கள்.

நாட்டையே மாற்ற நினைத்தால் ஆப்பிளில் பாடு அதிகம். பேலன்ஸ் சுத்தமாகப் பூஜ்யம் ஆக வேண்டும். சந்தாக்களை ரத்து செய்தால் மட்டும் போதாது, கட்டிய காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். வருடச் சந்தா ஒன்று இருந்தால் அதுவே மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தும். பேலன்ஸில் 3 ரூபாய் மிஞ்சி, அந்த விலைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் ஆப்பிள் உதவிப் பிரிவிடம் கேட்டால் அழித்துத் தருவார்கள்.

சில்லறைக்காசு

எல்லோரும் எப்படிக் கட்டுவது என்று சொல்லிவிட்டார்கள். கட்டும்போது எங்கே உடையும் என்று நான் சேர்க்கிறேன்.

யூபிஐயில் பணம் போய்விட்டது, ஆப் வரவில்லை. உடனே மறுபடி கட்டாதீர்கள். ப்ளே ஸ்டோரில் ஆர்டர் ஹிஸ்டரியில் ‘பென்டிங்’ என்று நிற்கிறதா பாருங்கள், நின்றால் காத்திருங்கள். கடைக்கு உறுதி போய்ச் சேராமல் பணம் மட்டும் கழிந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு வங்கி தர வேண்டும். கேட்டால்தான் பலர் தருவார்கள், அது வேறு விஷயம். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கிருந்தே புகார் எழுப்புங்கள், எண்ணைக் குறித்து வையுங்கள்.

புதுக் கார்டு சேர்த்ததும் ஒரு சின்னத் தொகை கழிந்ததாகக் குறுஞ்செய்தி வரலாம். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிடித்து வைப்பது. தானாக விடுபடும், வங்கியைப் பொறுத்துச் சில நாள் ஆகும்.

சந்தாவை நிறுத்த ஆப்பை நீக்குவது உதவாது. நீக்கினாலும் மாதாமாதம் பிடிப்பார்கள். ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யூபிஐ ஆப்பில் ஆட்டோபேயை மட்டும் நிறுத்தினால் பிடித்தம் நிற்கும், ஆனால் கடைக்கு அது ‘பணம் வரவில்லை’ என்றுதான் தெரியும், நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கும். முதலில் ஸ்டோரில் ரத்து, அப்புறம் ஆட்டோபே.

திரும்பப் பணம் வேண்டுமென்றால் கூகுளில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆப் தயாரித்தவரிடம் கையேந்த வேண்டியிருக்கும்.

இந்தியக் கார்டை வெளிநாட்டு விலையில் தேய்க்கிறவர்களுக்கு: மாற்றுக் கட்டணம் வங்கியைப் பொறுத்து பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 1,000 ரூபாய்க்கு 3.5 சதவீதம் என்றால் 35 ரூபாய், வரி 6 ரூபாய் 30 பைசா. ஆக 1,041.30. ஒரு தடவைக்குப் பரவாயில்லை, மாதச் சந்தாவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விலையைக் குறைக்க இன்னொரு நேர்மையான வழியும் இருக்கிறது. ஸ்டோர் வழியாகக் கட்டாமல், சேவையின் இணையதளத்தில் பிரவுசரில் கட்டுவது. அமெரிக்காவில் யூடியூப் பிரீமியம் இணையதளத்தில் 13.99 டாலராக இருந்தபோது ஐஃபோன் ஆப்புக்குள் 18.99. ஸ்டோருக்குப் போகும் பங்கை வாங்குகிறவர் தலையில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் மலிவு நாட்டில் இருப்பதுபோல விபிஎன் போட்டு வாங்காதீர்கள். பதிவு செய்த நாடும் பார்க்கிற நாடும் ஒத்துப்போகாத பிரீமியம் சந்தாக்களை 2024-இல் யூடியூப் ரத்து செய்தது.

கொள்ளிடம், வரிசை இதுதான்: இன்றைக்கு அப்பாவின் யூபிஐ, ஏனென்றால் ஐகிளவுட் கட்டணம் தவறினால் பேக்கப் நின்றுவிடும். அக்காவுக்கு வைஃபையை அணைத்துவிட்டு சிம் வழி. உங்களுக்குப் புதுக் கூகுள் கணக்கு, கார்டின் பில்லிங் முகவரி சிங்கப்பூர் அஞ்சல் குறியீட்டோடு ஆறு இலக்கமும் சரியாக.

கொள்ளிடம்

அப்பாவுக்கு ஒப்புதல் வாங்கியாயிற்று. உச்சவரம்பைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, தறிநூல் சொன்ன அதே கேள்விதான். சிங்கப்பூர் கார்டு புதுக் கணக்கில் ஏறிவிட்டது. அக்கா மொபிட்டெல் சிம்மை இரண்டாவது இடத்தில் வைத்திருக்கிறாள், டேட்டா வேறு சிம்மில். அதை மாற்றிவிட்டு முயற்சி செய்யச் சொல்லியிருக்கிறேன்.